பேரணியா, கலவரமா? நாளேட்டுச் செய்தியில் நியாயம் பார்ப்பது எப்படி?



அண்மையில் படிவம் 4 மாணவன் ஒருவனின் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தேன். மலேசிய இந்தியர்களின் முன்னேற்றம் பற்றிய கட்டுரை. கையெழுத்து நன்றாக இருந்தது, பிழைகளும் அதிகமில்லை. நடுவில் ஒரு வரி வந்தது: "2007ஆம் ஆண்டு கோலாலம்பூரில் இந்தியர்கள் கலவரம் செய்தனர்."

என் சிவப்புப் பேனா அங்கே நின்றுவிட்டது. இலக்கணப்படி அந்த வாக்கியத்தில் குறை ஒன்றுமில்லை. எழுவாயும் பயனிலையும் இயைகின்றன, சந்திப்பிழை இல்லை. பையனைக் கூப்பிட்டு, "இதை எங்கப்பா படிச்ச?" என்று கேட்டேன். "பழைய பேப்பர் செய்தி ஒன்னு நெட்ல இருந்துச்சி டீச்சர். அதுல அப்படித்தான் போட்டிருந்தாங்க" என்றான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. அவன் பிறப்பதற்கு முன் நடந்த ஒன்றை யாரோ ஒரு சொல்லில் அடக்கி எழுதி வைத்தார்கள். அந்தச் சொல் அப்படியே அவன் கட்டுரைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. நாம் பிழை திருத்துகிறோம், ஒற்று போடுகிறோம். சொல் நியாயமானதா என்று பார்க்க மாணவனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோமா? இந்தக் கேள்வியால்தான் இதை எழுதுகிறேன். எந்தக் கட்சிக்கும் ஆதரவாகவோ எதிராகவோ எழுதவில்லை. அரசியல் பேரணியைப் பற்றிய நாளேட்டுச் செய்தி நியாயமாக இருக்கிறதா என்பதைத் தமிழ் தெரிந்த ஒருவர் எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்பதே என் அக்கறை.

அன்று நடந்தது

முதலில் நடந்ததைத் தெரிந்துகொள்வோம். 25.11.2007, ஞாயிற்றுக்கிழமை. இண்ட்ராஃப் என்ற அமைப்பின் அழைப்பை ஏற்று ஆயிரக்கணக்கான இந்தியர்கள் கோலாலம்பூரில் கூடினார்கள். ஜாலான் அம்பாங்கில் இருந்த பிரிட்டிஷ் தூதரகத்தில் ஒரு மனுவைக் கொடுப்பது அவர்கள் நோக்கம். ஆங்கிலேயர் நம் முன்னோரை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்து, சுதந்திரத்தின்போது பாதுகாப்பின்றி விட்டுச் சென்றார்கள் என்பது அவர்கள் வாதம். அதற்காக இலண்டனில் வழக்குத் தொடுத்திருந்தார்கள். அந்த வழக்கை நடத்த வழக்கறிஞரை நியமித்துத் தரும்படி மகாராணியைக் கேட்டது அந்த மனு. அதற்கு முந்திய மாதம் ஷா ஆலாம், பாடாங் ஜாவாவில் ஒரு கோவில் உடைக்கப்பட்டிருந்தது. தீபாவளிக்குச் சில நாட்களே இருந்த நேரம் அது. அந்தக் கோபமும் கூட்டத்தில் இருந்தது.

காவல்துறை பேரணிக்கு அனுமதி மறுத்தது, முன்கூட்டியே நீதிமன்றத் தடையும் பெற்றது. பேரணி நாளில் கண்ணீர்ப்புகையும் இரசாயனம் கலந்த நீரும் பாய்ச்சிக் கூட்டத்தைக் கலைத்தது. பத்துமலையில் கூடியிருந்தவர்கள் மீதும் அவை பாய்ச்சப்பட்டன. கூட்டத்தில் சிலர் கல்லும் போத்தலும் எறிந்ததாகச் செய்திகள் வந்தன. அதையும் மறைக்க வேண்டாம். கூட்டத்தின் அளவைப் பற்றி வந்த மதிப்பீடுகள் 5,000 முதல் 30,000 வரை இருந்தன.

அப்போது எனக்கு 17 வயது, எஸ்.பி.எம். தேர்வுக் காலம். அப்பா பேரணிக்குப் போய்விட்டுச் சாயங்காலம்தான் வீடு திரும்பினார். கண்கள் சிவந்திருந்தன, சட்டையில் ஒரு மாதிரி நெடி. மறுநாள் விடியற்காலையில் ஒட்டுக்கடைக்குப் போய் மூன்று நாளேடுகள் வாங்கி வந்தார். மூன்றையும் தரையில் விரித்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கி, வெகுநேரம் படித்தார். கடைசியில், "நான் போன கூட்டம் இதுல இல்லையே" என்று மட்டும் சொன்னார். ஒன்றில் போக்குவரத்து நெரிசல்தான் பெரிய செய்தி. இன்னொன்றில் மந்திரிகள் பேசினார்கள். மூன்றாவதில் புகைக்குள் ஓடும் மனிதர்களின் படம் மட்டும் பெரிதாக இருந்தது. அவர் எதற்காகப் போனார் என்பதற்கு எங்கும் நான்கு வரிகூட இல்லை.

என் மாணவனின் வரியைப் படித்தபோது அப்பாவின் அந்த வார்த்தைதான் நினைவுக்கு வந்தது.

முதலில் பெயர்ச்சொல்லைப் பாருங்கள்

ஒரு கூட்டத்தைக் குறிக்கத் தமிழில் எத்தனை சொற்கள்! பேரணி, ஊர்வலம், ஆர்ப்பாட்டம், மறியல், போராட்டம், கலகம், கலவரம். இவை ஒருபொருள் குறித்த பலசொல் அல்ல. பேரணி என்றால் மக்கள் அணியாகத் திரண்டது. ஆர்ப்பாட்டத்தில் குரல் இருக்கிறது. மறியலில் தடுப்பது இருக்கிறது. கலகத்தில் அதிகாரத்தை எதிர்க்கும் குறிப்பு உண்டு. கலவரம் என்றால் உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்து.

அதுவும் நம் நாட்டில் கலவரம் என்ற சொல்லுக்கு ஒரு தேதி உண்டு. 1969 மே 13. அந்தச் சொல்லை எழுதியவுடனே படிப்பவர் மனத்தில் எரியும் கடைகளும் ஊரடங்கும் வந்துவிடும். தூதரகத்தில் மனு கொடுக்கப் போன கூட்டத்துக்கு அந்தச் சொல்லைச் சூட்டுவது, ஒரு வரியும் பொய் எழுதாமல் பெரிய பொய்யைச் சொல்வதாகும்.

நம் தமிழ் ஏடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. கூட்டத்தைக் கலைக்க வரும் காவல் பிரிவை நாம் 'கலகத் தடுப்புப் போலீஸ்' என்று எழுதிப் பழகிவிட்டோம். அது வந்தது என்று எழுதும்போதே கலகம் நடந்ததாகப் பொருள் வந்துவிடுகிறது! எழுதுபவர் எண்ணியும் பார்த்திருக்க மாட்டார். பெயரே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

அடுத்தது 'சட்டவிரோதப் பேரணி'. இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 1967ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டப்படி அன்று பொதுக்கூட்டத்துக்கு அனுமதி தேவை. அனுமதி இல்லை என்பது உண்மை. அதே நேரத்தில், ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையைக் கூட்டரசு அரசியலமைப்பின் 10ஆவது பிரிவு குடிமக்களுக்கு வழங்குகிறது. நாடாளுமன்றம் அதற்குக் கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. பின்னாளில் 2012ஆம் ஆண்டு அமைதிப் பேரணிச் சட்டம் வந்தது. அனுமதி என்ற ஏற்பாடு போய், முன்னறிவிப்புக் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. ஆக, 'சட்டவிரோத' என்ற ஒற்றை அடைமொழி ஒரு தரப்பின் வாதத்தை முடிந்த தீர்ப்பாக ஆக்கிவிடுகிறது. 'காவல்துறை அனுமதி மறுத்த பேரணி' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? ஒன்றும் குறையாது, யார் மறுத்தார் என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

அடுத்து வினைச்சொல்

செய்வினை, செயப்பாட்டுவினை என்று வகுப்பில் மாற்றி எழுதப் பயிற்சி கொடுக்கிறோம். பயிற்சி முடிந்ததும் மறந்துவிடுகிறோம். நாளேட்டைப் படிக்க அதைவிட நல்ல கருவி கிடையாது.

கீழே மூன்று மாதிரிகள். நானே எழுதியவை, எந்த ஏட்டிலும் வந்தவை அல்ல.

அ) பேரணியினர் கலைய மறுத்ததால் மோதல் மூண்டது. கண்ணீர்ப்புகை பயன்படுத்த வேண்டியதாயிற்று.

ஆ) அமைதியாக நின்ற அப்பாவி மக்கள் மீது போலீசார் ஈவிரக்கமின்றிக் கண்ணீர்ப்புகை வீசினர்.

இ) கலைந்து செல்லுமாறு போலீசார் ஒலிபெருக்கியில் அறிவித்தனர். கூட்டம் கலையவில்லை. சிறிது நேரத்தில் போலீசார் கண்ணீர்ப்புகை வீசினர். அதற்கு முன்பே கல் எறியப்பட்டதாகப் போலீஸ் அதிகாரி கூறினார். எதுவும் எறியப்படவில்லை என்று கூட்டத்தில் இருந்த இருவர் கூறினர்.

'மோதல் மூண்டது' என்றால் யார் மோதினார்? தீ மூள்வதுபோல் அது தானாக மூண்டதா? 'வேண்டியதாயிற்று' என்றால் யாருக்கு வேண்டியிருந்தது? முதல் மாதிரியில் செய்தவர் மறைந்துவிட்டார், அவர் செய்ததற்கான நியாயம் மட்டும் நிற்கிறது. கூட்டத்தின் செயலுக்கு மட்டும் எழுவாய் இருக்கிறது: பேரணியினர் மறுத்தார்கள்.

இந்த மூன்றையும் வகுப்பில் கொடுத்து எது நியாயமானது என்று கேட்டேன். பெரும்பாலானோர் 'ஆ' என்றார்கள். "அதுதான் டீச்சர் நம்ம பக்கம் பேசுது!" இங்கேதான் நாமும் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 'அப்பாவி', 'ஈவிரக்கமின்றி' என்பவை நிருபர் கண்ட செய்தி அல்ல, அவர் மனத்தின் செய்தி. 'அமைதியாக' என்பதை யார் பார்த்துச் சொன்னார் என்பதும் தெரியவில்லை. நம் பக்கம் பேசுவதால் ஒரு செய்தி நியாயமாகிவிடாது. மூன்றாவதில் உணர்ச்சி குறைவு. ஆனால் யார் எதைச் செய்தார், எது உறுதி, எது ஒருவர் கூற்று என்பதெல்லாம் பிரிந்து தெரிகின்றன. படிப்பவர் தாமே முடிவுக்கு வரலாம்.

கூற்று வினைகளிலும் இதே கதைதான். காவல்துறைத் தலைவர் 'தெரிவித்தார்', பேரணி ஏற்பாட்டாளர் 'குற்றஞ்சாட்டினார்'. அமைச்சர் 'விளக்கமளித்தார்', எதிர்க்கட்சிக்காரர் 'சாடினார்'. ஒரு செய்தியில் வரும் கூற்று வினைகளை மட்டும் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலைதான். எந்தப் பக்கம் ஏடு சாய்ந்திருக்கிறது என்பது பலமுறை அதிலேயே தெரிந்துவிடும்.

எண்ணிக்கையை நம்புவதா?

எண் என்றால் எல்லாருக்கும் ஒரு மரியாதை. ஆனால் பேரணிச் செய்தியில் மிக எளிதாக வளைவது எண்தான். 9.7.2011இல் நடந்த பெர்சே 2.0 பேரணியை எடுத்துக்கொள்வோம். தேர்தல் சீர்திருத்தம் கேட்டு நடந்தது அது. வந்தவர்கள் 5,000 முதல் 6,000 பேர் என்றது காவல்துறை. 50,000 பேர் என்றார்கள் ஏற்பாட்டாளர்கள். ஏறக்குறைய பத்து மடங்கு வித்தியாசம்!

இப்போது இன்னோர் எண்ணைப் பக்கத்தில் வையுங்கள். அன்று கைதானவர்கள் 1,600க்கும் மேல். இதுவும் காவல்துறை சொன்னதுதான். 6,000 பேரில் 1,600 பேர் கைது என்றால் ஏறக்குறைய நான்கில் ஒருவர். அப்படி நடந்திருக்க முடியுமா? சிலர் பேரணி இடத்துக்கு வரும் வழியிலேயே பிடிக்கப்பட்டார்கள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். எனவே இந்த வகுத்தல் எதையும் நிரூபிக்காது. ஆனால் ஒரு நல்ல கேள்வியை எழுப்பும். இரண்டு எண்களையும் ஒரே பக்கத்தில் அச்சிடும் ஏடு அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டாமா?

ஒரு தரப்பின் எண்ணை மட்டும் போடுவது தவறு என்பது எளிதில் புரியும். இரண்டு எண்களையும் போட்டுவிட்டுக் கையைக் கழுவுவதும் முழு நியாயம் ஆகாது. நிருபர் அங்கே இருந்தாரே, அவர் அளந்து பார்த்தாரா? அளக்க வழி இருக்கிறது. 1960களில் அமெரிக்காவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்த ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ், தம் அலுவலகச் சன்னலுக்குக் கீழே கூடிய மாணவர் கூட்டத்தை வைத்து ஒரு முறையை உருவாக்கினார். தளத்தில் இருந்த கட்டங்கள் அவருக்கு உதவின. தாராளமாக நிற்கும் கூட்டத்தில் ஒருவருக்குச் சுமார் 10 சதுர அடி, நெருக்கமான கூட்டத்தில் சுமார் 4.5 சதுர அடி என்று கொண்டார். கூட்டம் நின்ற பரப்பை அந்த எண்ணால் வகுத்தால் விடை.

நம் மீட்டர் கணக்கில் 10 சதுர அடி என்பது ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். 300 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலமுள்ள சாலை நிறைந்திருந்தால் பரப்பு 6,000 சதுர மீட்டர். தாராளமாக நின்றால் ஏறக்குறைய 6,000 பேர். நெருக்கி நின்றால் 14,000 பேர். இதைப் பள்ளித் திடலில் சபை கூடும்போது மாணவர்களை வைத்தே செய்து பார்க்கலாம். கணித ஆசிரியரையும் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் வந்தார்கள்?

இதுவரை சொன்னவை எல்லாம் கருவிகள். நான் முக்கியமாகக் கருதுவது இதைத்தான்: மக்கள் ஏன் வந்தார்கள் என்பதைச் சொல்லாத பேரணிச் செய்தி, மற்ற எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாலும் நியாயமான செய்தி அல்ல.

இதற்கு நம் சொந்த வரலாற்றிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தலைமை தாங்கியவர்களில் ஒருவர் ஆர். எச். நாதன், 'தமிழ் நேசன்' நாளேட்டில் பணியாற்றியவர். அவரைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். படை இறக்கப்பட்டது, தொழிலாளர் உயிர்கள் பலியாயின. இதை மட்டும் படித்தால் என்ன தோன்றும்? ஏதோ கூலித் தகராறு, கலகம், துப்பாக்கிச் சூடு என்று தோன்றும்.

அவர்கள் கேட்டதைப் பாருங்கள். சீனத் தொழிலாளருக்குக் கொடுக்கும் கூலி எங்களுக்கும் வேண்டும். தோட்டத்தில் கள்ளுக்கடை வேண்டாம். பிள்ளைகளுக்கு நல்ல கல்வியும் எங்களுக்கு மருத்துவ வசதியும் வேண்டும். இவற்றோடு இன்னொன்று: வெள்ளைக்காரத் துரையோ கிராணியோ எதிரில் வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்த வேண்டும்.

அந்தச் சைக்கிள் கோரிக்கையைப் படித்த பிறகு அந்த வேலைநிறுத்தத்தை வெறும் கூலித் தகராறு என்று உங்களால் சொல்ல முடியுமா? ஒரு மனிதன் தன் சைக்கிளை விட்டு இறங்காமல் போக விரும்பினான். அவ்வளவுதான். அந்த ஒரு வரி இருந்தால் கூட்டத்துக்கு முகம் வந்துவிடுகிறது. அது விடுபட்டால் மிஞ்சுவது தொல்லை மட்டும்தான்.

இது நம் நாட்டு நோய் மட்டுமன்று. 27.10.1968இல் இலண்டனில் வியட்நாம் போருக்கு எதிராகப் பெரும் ஊர்வலம் நடந்தது. வன்முறை வெடிக்கும் என்று பிரிட்டிஷ் ஏடுகள் பல நாட்களாக எழுதி வந்தன. ஊர்வலம் பெரும்பாலும் அமைதியாகவே நடந்து முடிந்தது. ஒரு சிறு பிரிவினர் மட்டும் தனியே பிரிந்து போய் அமெரிக்கத் தூதரகத்தின் அருகே போலீசாரோடு மோதினார்கள். செய்தியில் பெரிதானது அந்த மோதல்தான். ஹாலரன் என்பவரும் அவருடைய சகாக்களும் இதை ஆராய்ந்து 1970இல் நூலாக வெளியிட்டார்கள். ஏடுகள் தாங்கள் எதிர்பார்த்ததையே தேடிப் பிடித்தன என்பது அவர்கள் கண்டது. அத்தனை ஆயிரம் பேர் எதற்காக நடந்தார்கள் என்பது பின்னுக்குப் போய்விட்டது.

இங்கே அடிக்கடி கேட்ட ஒரு வாசகமும் உண்டு: "தெரு ஆர்ப்பாட்டம் நம் பண்பாடு அல்ல." அரசியல்வாதி சொன்னால் அதை அச்சிடுவது ஏட்டின் கடமைதான். ஆனால் கூடவே இரண்டு வரி சேர்த்திருக்கலாம். 1946இல் மலாயன் யூனியனை எதிர்த்து மலாய்க்காரர்கள் பெருந்திரளாகத் தெருவில் இறங்கினார்கள். 20.10.1947இல் நாடு தழுவிய கடையடைப்பு நடந்தது. 1974இல் பாலிங்கில் ஏழை விவசாயிகள் ஊர்வலம் போனார்கள். இவையெல்லாம் இந்த மண்ணில்தானே நடந்தன?

ஏன் அப்படி எழுதுகிறார்கள்?

பத்திரிகைகளைக் குறை சொல்லிவிட்டு நகர்வது எளிது. நாம் நியாயம் கேட்கிறோம் என்றால் அவர்களுக்கும் நியாயமாக நடந்துகொள்ள வேண்டும்.

1984ஆம் ஆண்டு அச்சகங்கள் மற்றும் பதிப்புகள் சட்டப்படி நாளேடு நடத்த உள்துறை அமைச்சின் உரிமம் வேண்டும். 2012இல் சட்டம் திருத்தப்படும்வரை ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்கவும் வேண்டியிருந்தது. 1987 ஓப்பராசி லாலாங்கின்போது 'த ஸ்டார்', 'சின் சியூ', 'வத்தான்' ஏடுகளின் உரிமம் பறிக்கப்பட்டது. பல மாதங்கள் கழித்தே திரும்பக் கிடைத்தது. நம் தமிழ் ஏடும் தப்பவில்லை. ஒரு படத்தை வெளியிட்டதற்காக 2007 ஆகஸ்டில் 'மக்கள் ஓசை' ஒரு மாதம் நிறுத்தி வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அதன் உரிமம் புதுப்பிக்கப்படாமல் போய், பிறகு மீண்டும் கிடைத்தது. அது பேரணிச் செய்திக்காக நிறுத்தப்படவில்லை. ஆனால் அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் ஆசிரியர் 2007 நவம்பர் 25 இரவு தலைப்பு எழுத உட்காரும்போது எதையெல்லாம் நினைத்திருப்பார்? தம்மை நம்பிப் பிழைக்கும் எத்தனை குடும்பங்களை எண்ணிப் பார்த்திருப்பார்?

உடைமை இன்னொரு காரணம். 'உத்துசான் மலேசியா' அன்று அம்னோவோடு தொடர்புடையதாக இருந்தது. 'த ஸ்டார்' ம.சீ.ச.வின் பங்குடைமையில் இருந்தது. 'தமிழ் நேசன்' அன்றைய ம.இ.கா. தலைவரின் குடும்பத்தோடு தொடர்புடையது. 1941இல் வேலைநிறுத்தத் தலைவரைத் தந்த அதே ஏடுதான், நண்பர்களே. 2019 தொடக்கத்தில் அதுவும் நின்றுபோனது. ஏட்டை யார் நடத்துகிறார் என்று தெரிந்து படிப்பது சந்தேகப் புத்தி அல்ல, வாசகரின் தற்காப்பு.

அதிகாரத்தின் கை நேரடியாகவும் நீண்டிருக்கிறது. 2011 பெர்சே பேரணி பற்றிய 'த இகானமிஸ்ட்' இதழின் கட்டுரையில் சில பகுதிகள் மலேசியாவில் கறுப்பு மையால் அழிக்கப்பட்டே விற்பனைக்கு வந்தன. 28.4.2012இல் நடந்த பெர்சே 3.0 பேரணியில் செய்தி சேகரிக்கப் போன நிருபர்களும் புகைப்படக்காரர்களும் தாங்கள் தாக்கப்பட்டதாகப் புகார் செய்தார்கள். அந்தச் சூழலிலும் களத்தில் நின்று எழுதியவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு நம் நன்றி உண்டு.

இந்தக் காரணங்கள் விளக்கம் தருகின்றன. மன்னிப்புத் தருமா என்பது வேறு. பயத்தால் ஒரு செய்தியைச் சிறிதாகப் போடுவதைப் புரிந்துகொள்ள முடியும். மனு கொடுக்கப் போனவனைக் கலவரக்காரன் என்று எழுதுவதற்குப் பயம் காரணமாகாது.

ஒரே படியால் அளப்போம்

நம் நியாய உணர்வுக்கு உண்மையான சோதனை, நமக்குப் பிடிக்காத பேரணி. 16.9.2015இல் கோலாலம்பூரில் சிவப்புச் சட்டைப் பேரணி நடந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன் நடந்த பெர்சே 4 பேரணிக்கு மறுப்பாகவும் மலாய்க்காரர் மாண்பைக் காக்கவும் என்று கூட்டப்பட்டது. பெட்டாலிங் ஸ்திரீட்டுக்குள் நுழைய முயன்றவர்கள் மீது போலீசார் நீர் பாய்ச்சினார்கள். நம்மில் பலருக்கு அந்தப் பேரணியின் நோக்கம் உடன்பாடு இல்லை. எனக்கும் இல்லை.

ஆனாலும் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும். வந்தவர்கள் எல்லாரும் பணத்துக்கு வந்தவர்கள் என்று எழுதினால் அதற்குச் சான்று உண்டா? கிராமத்திலிருந்து பேருந்தில் வந்த ஒரு பெரியவரிடம் எந்த நிருபராவது "எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டாரா? நுழைய முயன்றது ஒரு பகுதியினர் என்றால் தலைப்பு எல்லாரையும் சேர்த்துச் சொல்கிறதா? 2007இல் நமக்கு வலித்த அதே இடம்தானே இது? அடுத்தவருக்கு நடக்கும்போது பார்க்கத் தெரியாவிட்டால், நாம் கேட்பது நியாயமே அல்ல, சலுகை.

வகுப்பறைக்கும் தேர்வுக்கும்

ஒரு பேரணிச் செய்தியைக் கையில் எடுத்ததும் மாணவர்கள் கேட்க வேண்டியவை:

1. கூட்டத்தை என்ன பெயரால் அழைக்கிறது? அந்தப் பெயர் யார் சொன்னது?
2. ஒவ்வொரு செயலுக்கும் எழுவாய் உண்டா? செயப்பாட்டு வினை எங்கே வருகிறது, யாரை மறைக்கிறது?
3. எண் யார் கொடுத்தது? வேறு எண்ணோடு ஒத்துப் போகிறதா?
4. ஏன் வந்தார்கள் என்பது எத்தனையாவது பத்தியில் வருகிறது? வருகிறதா?
5. கூட்டத்தில் இருந்த சாதாரண மனிதர் ஒருவராவது பேசுகிறாரா?
6. பின்னர் நடந்தது எழுதப்பட்டதா?

ஆறாவது கேள்விக்கு ஒரு நல்ல ஆய்வுப் பணி சொல்கிறேன். 2007 பத்துமலைச் சம்பவத்துக்காக 31 பேர் மீது டிசம்பரில் கொலை முயற்சிக் குற்றம் சாட்டினார்கள். அதே மாதத்திலேயே அந்தக் குற்றச்சாட்டு மீட்டுக்கொள்ளப்பட்டது. ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகத்தில் பழைய நாளேடுகளைப் பார்க்கலாம். குற்றம் சாட்டிய செய்திக்குக் கிடைத்த இடமும் மீட்டுக்கொண்ட செய்திக்குக் கிடைத்த இடமும் ஒன்றா? பக்க எண், தலைப்பின் அளவு, படம் ஆகியவற்றைக் குறித்து ஓர் அட்டவணை போடச் சொல்லுங்கள். விடையை நாம் முன்கூட்டியே சொல்ல வேண்டாம். அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு ஒன்று. வாதக் கட்டுரையில் 'ஊடகங்கள் நடுநிலையாகச் செயல்பட வேண்டும்' என்று பொதுவாக எழுதினால் அது நூறு பேர் எழுதும் வரி. ஒரு தேதி, ஒரு சொல், ஒரு வாக்கியம் என்று எடுத்துக்காட்டி எழுதினால் அது உங்கள் வாதம். கருத்துணர்தல் பகுதியிலும் செய்தியில் உள்ளதையும் எழுதியவரின் கருத்தையும் பிரித்துக் காட்டத் தெரிந்தால் பல கேள்விகள் எளிதாகிவிடும்.

என் மாணவனிடம் அந்த வரியைத் திருத்தி எழுதி வரச் சொன்னேன். இரண்டு நாள் கழித்துக் கொண்டுவந்தான்: "2007 நவம்பர் 25ஆம் தேதி, பிரிட்டிஷ் தூதரகத்தில் மனு கொடுப்பதற்காக ஆயிரக்கணக்கான இந்தியர்கள் கோலாலம்பூரில் கூடினர். அனுமதி மறுத்திருந்த போலீசார் கண்ணீர்ப்புகை வீசி அவர்களைக் கலைத்தனர்."

"வரி நீளமாயிடுச்சி டீச்சர்" என்றான்.

"இருக்கட்டும்பா."

போகப் புறப்பட்டவன் கதவருகில் நின்று, "டீச்சர், அவங்க கேட்டது கெடைச்சிச்சா?" என்று கேட்டான். கலவரம் என்று எழுதியிருந்தபோது அவனுக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை.